"த"ன்னு பேசி "க"ன்னு எழுதுற தீவு: நி'இஹாவ் ஹவாய் மொழிய காதுல பழகின அனுபவம்

ஹவாய் மொழி கத்துக்கணும்னு ஆப் இறக்கி வெச்சிருக்கிறவங்க நம்மாளுங்கள்லயும் கொஞ்ச பேர் இருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். ஆப்ல வர்றதும் ஹவாய் தீவுகள்ல ஒண்ணான கவா'இயோட மேற்குக் கோடியில கடையில நிக்கிறப்ப காதுல விழறதும் ஒரே மொழிதான், ஆனா ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு தானா புரியும்னு நினைச்சிடாதீங்க.

வீட்டுக்காரருக்கு மக்காச்சோள விதை ஆராய்ச்சியில வேலை, அதனால கெகாஹாங்கிற ஊர்ல சில வருஷம் குடியிருந்தோம். கவா'இன்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு வைலுஆ பக்கம் இருக்கிற "இறைவன்"ங்கிற சிவன் கோவில்தான் ஞாபகம் வரும், கோவில் பாத்துட்டு ஒரு அருவி பாத்துட்டு கெளம்பிடுவாங்க. கெகாஹா அதுக்கு அந்தாண்ட பக்கம், மழை கம்மி, வெயில் ஜாஸ்தி, கரும்பு ஆலைய 2000ல மூடினதுக்கு அப்புறம் ஊரே கொஞ்சம் ஓய்ஞ்சு போன மாதிரி இருக்கும். கடற்கரையில நின்னா எதிர்ல நீளமா ஒரு தீவு தெரியும், நடுவுல ஒரு 17 மைல் கடல். அதுதான் நி'இஹாவ். அந்தத் தீவுக்காரங்க பல பேர் இப்ப கெகாஹா, வைமேஆ பக்கமேதான் இருக்காங்க, அவங்க பேச்சுதான் இந்தப் பதிவு.

எழுத்துல ஒரு ஏற்பாடு செஞ்சுக்கலாம். ஹவாய் மொழியில தொண்டைய டக்குனு அடைச்சு திறக்கிற ஒரு சத்தம் இருக்கு, அது ஒரு முழு மெய்யெழுத்து, பேரு 'ஒகினா. அத நான் ' போட்டு காட்டுறேன். க்க, த்த, ப்பன்னு நான் ரெட்டையா எழுதினா அழுத்தி நிறுத்தணும்னு அர்த்தம் இல்ல, ஒத்தையா எழுதினா நாம "க"வ "g" பக்கம் கொண்டு போயிடுவோம்ல, அது வராம இருக்கத்தான். ஊர் பேரு, ஆள் பேரு மட்டும் வழக்கமா எழுதுற மாதிரியே விட்டுடறேன்.

தீவ பத்தி சுருக்கமா. 1864ல எலிசபெத் சின்கிளேர்னு ஒரு அம்மா அஞ்சாம் கமேஹமேஹா ராஜாகிட்ட இருந்து 10,000 டாலருக்கு முழு தீவையும் வாங்கினாங்க, இன்னைக்கும் அவங்க வாரிசுங்க, ராபின்சன் குடும்பம், கையிலதான் இருக்கு. வெளியாள் நினைச்சப்பல்லாம் போக முடியாது. ஊர்னு சொன்னா பு'உவாய் ஒண்ணுதான், 2010 கணக்கெடுப்புல 170 பேர், 2020ல 84. 1896ல ஹவாய் தீவுகள்ல பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்தான் பாடமொழின்னு சட்டம் போட்ட பிறகு மத்த தீவுகள்ல ரெண்டு மூணு தலைமுறையில வீட்டுப் பேச்சே கரைஞ்சு போச்சு, நி'இஹாவ்ல மட்டும் அம்மா பிள்ளை பேச்சு அறுந்து போகல. அடைச்சு வெச்சதால மொழி பொழைச்சதுன்னு சிலர் பெருமையா சொல்வாங்க, எனக்கு அது முழுசா ஒத்து வரல. வேலையும் வைத்தியமும் படிப்பும் தேடி ஜனம் கவா'இக்கு வந்துட்டே இருக்கு, 84 பேர வெச்சு ஒரு ஊர் எத்தனை நாள் ஓடும்? பேச்சு நிக்கறதுக்கு காரணம் பூட்டு இல்ல, அந்த அம்மாக்கள்தான்னு நான் நினைக்கிறேன்.

சரி, சத்தத்துக்கு வரேன்.

புத்தக ஹவாய் மொழியில "த"வே கிடையாது. மெய்யெழுத்துன்னு பாத்தா ஹ, க, ல, ம, ந, ப, வ, அதோட 'ஒகினா, மொத்தம் 8தான். உயிர் 5, ஒவ்வொண்ணுக்கும் குறில் நெடில் உண்டு. ரெண்டு மெய் சேர்ந்து வராது, எந்தச் சொல்லும் மெய்யில முடியாது. நி'இஹாவ்காரங்க வாயில "க" வர வேண்டிய பல இடத்துல "த" வரும், "ல" வர்ற இடத்துல சில சமயம் "ர" வரும். நல்லா இருக்குன்னு சொல்ற மைக்கா'இ அங்க மைத்தா'இ. குழந்தை, கெய்க்கி, அங்க கெய்த்தி. நாங்கங்கிற மாக்கொஉ, மாத்தொஉ. கவா'இயே தவா'இ ஆயிடும். அலோஹாவ அரோஹான்னு கேட்டு (நியூசிலாந்து மாவோரி மொழியில அப்படித்தான்) நான் முதல்ல யாரோ நியூசிலாந்துல இருந்து வந்தவங்கன்னு நினைச்சேன், பக்கத்துல ஐஸ் பாக்ஸ் தூக்கிட்டு நின்னது மூணு வீடு தள்ளி இருக்கிற ஆன்ட்டிதான்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா எல்லா "க"வும் "த" ஆகாது. ஒரே ஆள் ஒரே பேச்சுல ஒரு தடவை கலொன்னும் இன்னொரு தடவை தலொன்னும் சொல்வாங்க, ரெண்டும் அதே சேப்பங்கிழங்குதான், அர்த்தம் ஒண்ணும் மாறாது. ஒரே சொல்லுல ரெண்டு "க" வந்தா ரெண்டும் சேந்து "த" ஆகறது அபூர்வம், ஒண்ணு நிக்கும் ஒண்ணு மாறும், கெய்த்தி நல்ல உதாரணம். "இ"க்கு முன்னாடி வர்ற "க"தான் ரொம்ப சுலபமா "த" பக்கம் சாயும்னும் என் காதுக்கு பட்டுச்சு. சட்டம் மாதிரி எழுதி வெச்சுக்காதீங்க, எங்க எதிர்பாக்கணும்னு தெரிஞ்சா போதும்.

தமிழ் எழுதறவங்களுக்கு இது புரியறதுல கஷ்டமே இல்ல. நாம "காகம்"னு எழுதறப்ப முதல் "க" ஒரு சத்தம், ரெண்டாவது வேற சத்தம், யாராவது அது ரெண்டு எழுத்துன்னு சொல்வோமா? அதே கதைதான், நம்மள்ல இடத்த பொறுத்து சத்தம் மாறுது, அவங்க கிட்ட ஆளையும் பேச்சு வேகத்தையும் பொறுத்து. என்கூட வகுப்புல இருந்த அமெரிக்கக்காரர் ஒருத்தர் "எது சரி, க-வா த-வா"ன்னு கேட்டு கேட்டு டீச்சர ஒரு வழி பண்ணிட்டாரு.

"க" எப்படி ஜெயிச்சதுங்கிறதுக்கு ஒரு வரலாறு இருக்கு. ஜேம்ஸ் குக் 1778 ஜனவரியில கெகாஹாவுக்கு பக்கத்து ஊரான வைமேஆலதான் கரை இறங்கினாரு. அவங்க பதிவுல இந்தத் தீவோட பேரு "அடூய்"னு இருக்கு, அதுல இருக்கிறது இங்கிலீஷ் "டி", அதாவது அன்னைக்கே அவங்க காதுல விழுந்தது தவா'இ. அவங்களுது "த" இருக்கிற தஹிதி மொழியில முன்னாடியே பழகின காதுதான், அதுவும் கொஞ்சம் சேந்திருக்கும், இருந்தாலும் கவா'இ ராஜா கவ்முஆலி'இ பேர பாருங்க, அவரோட பையன் அமெரிக்காவுல இருந்தப்ப அவர இளவரசர் "டமோரீ"ன்னுதான் எழுதினாங்க, ஒரே பேர்ல "க" "த" ஆகியிருக்கு, "ல" "ர" ஆகியிருக்கு. கமேஹமேஹாவுக்கே "டமேஹமேஹா"ன்னு பழைய கடிதங்கள்ல இருக்கு. 1820ல மிஷனரிங்க வந்தாங்க, 1822ல அச்சு ஆரம்பிச்சாங்க, ஒரே சொல்ல நாலு விதமா எழுதி குழம்பினாங்க, கடைசியில 1826 ஜூலையில எழுத்து எழுத்தா ஓட்டு போட்டு முடிவு பண்ணிட்டாங்க. க-வும் த-வும் நின்னதுல க ஜெயிச்சுது, ல-வும் ர-வும் நின்னதுல ல, "p"-யும் "b"-யும் நின்னதுல "p". "பெரிய தீவு"ன்னு சொல்ற ஹவாய் தீவு பக்கம் "க" ஜாஸ்தி, வடமேற்கு ஓரத்துல "த" ஜாஸ்தி, ஆக தோத்தது நம்ம கெகாஹா பக்கத்து வாய். 1839ல முழு பைபிளும் வெளியானது இந்த எழுத்துலதான், அப்புறம் செய்தித்தாள், பாடப்புத்தகம் எல்லாம் அதே வழி.

இத நான் சொல்லி நீங்க நம்பறத விட ஞாயித்துக்கிழமை ஹவாய் மொழி பூஜை நடக்கிற ஒரு சர்ச்சுல போய் உக்காந்தா தெரிஞ்சிடும். எங்க தெருவுல இருந்த நி'இஹாவ் ஆன்ட்டி ஒரு நாள் கூட்டிட்டு போனாங்க, நான் கிறிஸ்தவம் இல்லன்னாலும் யாரும் ஒண்ணும் கேக்கல, கையில புத்தகத்த குடுத்து உக்கார வெச்சாங்க. அச்சுல இருக்கிறது "கெ அக்குஆ", கடவுள். ஆன்ட்டி விரல் அந்த வரி மேல போகுது, வாயில "தெ அத்துஆ". விரலும் வாயும் எங்கயும் தடுமாறல. அந்தப் புத்தகத்துல 'ஒகினாவும் கிடையாது, நெடிலுக்கு போடற மேல்கோடு கஹகோவும் கிடையாது, பேச தெரிஞ்சவங்களுக்கு அது தேவையே இல்ல. இந்தக் குறி எல்லாம் பரவலா வந்தது 20ஆம் நூற்றாண்டுலதான், குறிப்பா மேரி கவேனா புகுயியும் சாமுவேல் எல்பர்ட்டும் 1957ல அகராதி போட்ட பிறகு. கெகாஹா பிள்ளைங்களுக்கான நி'இஹாவ் பள்ளிக்கூடத்து போர்டுல கூட தீவோட பேர 'ஒகினா இல்லாமதான் எழுதியிருப்பாங்க.

அந்த வாசிப்ப கேட்டதுக்கு அப்புறம் நான் படிக்கிற விதத்தையே மாத்திக்கிட்டேன். புத்தகத்த வெச்சுக்கிட்டு ஆடியோ கேக்கறத நிறுத்தினேன். எழுத்து கண்ணுல பட்டா காது "க"வ தேடிக்கிட்டே இருக்கும், "த" வந்தா அது புது சொல்லுன்னு மூளை அகராதிக்கு ஓடிடும். முதல்ல வெறும் காதுல, ரெண்டாவது தடவை உயிரெழுத்த மட்டும் ஒரு தாள்ல குறிச்சுக்கிட்டு, மூணாவதா எழுத்தோட. உயிரெழுத்த குறிக்கச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, க/த ஆடும், ல/ர ஆடும், வ-வும் "w"க்கும் "v"க்கும் நடுவுல ஆடும், ஆனா ம, ந, ப, ஹ, உயிர், 'ஒகினா இதெல்லாம் அப்படியே நிக்கும். மைக்கா'இ, மைத்தா'இ ரெண்டுலயும் ஐ-ஆ-'இன்னு ஒரே எலும்புக்கூடுதான், அது கெடச்சிட்டா மெய் எது வந்தாலும் சொல் பிடிபட்டுடும்.

நமக்கு இதுல இலவசமா கெடைக்கிற லாபம் சிலது இருக்கு. குறில் நெடில் நமக்கு ரத்தத்துல ஊறினது, இங்கிலீஷ்காரங்க அதுக்கு மாசக்கணக்குல முட்டிக்குவாங்க. குறில் எ, ஒ நமக்கு தனியா உண்டு. "ப"வ, "க"வ இங்கிலீஷ்காரங்க மாதிரி காத்த ஊதி சொல்ல மாட்டோம், அது ஹவாய் மொழிக்கு நல்லாவே பொருந்தும். நம்ம "வ" ஏற்கனவே "w"க்கும் "v"க்கும் நடுவுலதான் இருக்கு, ஒண்ணும் செய்ய வேண்டாம். நி'இஹாவ் "த"வுக்கு நாக்க மடிச்சு "ட" போடாதீங்க, அவ்வளவுதான்.

நஷ்டமும் இருக்கு, அதுதான் பெருசு. நாம ரெண்டு உயிர் பக்கத்துல வந்தா சும்மா விட மாட்டோம், உடம்படுமெய் போட்டு ஒட்டிடுவோம், மணியடி, பூவரசுன்னு இலக்கணமே அதுக்கு இருக்கு. ஹவாய் மொழியில அந்த பழக்கம் கொலை. மொஆன்னா கோழி, மொ'ஆன்னா வெந்தது, நம்ம வாயில ரெண்டும் "மோவா" ஆயிடும், வெந்த கோழி கேட்டா கோழி கோழின்னு கேட்ட மாதிரி இருக்கும். கொஉன்னா உன்னோட, கொ'உன்னா என்னோட, தொண்டை ஒரு தடவை அடைக்கறதுல வீடும் காரும் கை மாறிடும். தொண்டை அடைப்பு நமக்கு தெரியாத சத்தம் இல்ல, குழந்தை விஷமம் பண்ணறப்ப "ஆ'ஆ, தொடாத"ன்னு மிரட்டுவோம்ல, அந்த நடு வெட்டுதான், அத சொல்லுக்குள்ள கொண்டு வந்து வைக்கணும். நான் குளிக்கிறப்ப, பாத்திரம் கழுவறப்ப மொஆ, மொ'ஆ, கொஉ, கொ'உன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன், வீட்டுக்காரர் பழகிட்டாரு.

இன்னொண்ணு, நடுவுல வர்ற க, த, ப எல்லாத்தையும் நாம மெலிசாக்கிடுவோம். கப்பு, அதாவது தடை செஞ்சதுங்கிற சொல்ல ஒத்தையா எழுதி குடுத்தா நம்மாளு "கபு"வ "b" போட்டுதான் வாசிப்பாரு. மொழியில "b", "d", "g" எதுவும் இல்லாததால அவங்க புரிஞ்சுக்குவாங்க, ஆனா காதுக்கு உறுத்தும். மூணாவது, ஐயும் ஔவும். நமக்கு ai-யும் ae-யும் ஒரே ஐ, au-வும் ao-வும் ஒரே ஔ. அங்க அஒன்னா பகல் வெளிச்சம், அஉன்னா நான். இதுக்கு தமிழ்ல எழுதி வெச்சு படிக்கறது உதவாது, இதோ நான் எழுதறதே பாதி ஏமாத்துதான்.

கடன் சொல்லுங்கள கவனிச்சா சத்தங்களோட கணக்கு சீக்கிரம் பிடிபடும். இங்கிலீஷ் "ரைஸ்" உள்ள வர்றப்ப "ர" "ல" ஆகுது, "ஸ்" "க" ஆகுது, கடைசியில மெய் நிக்கக் கூடாதுன்னு ஒரு "இ" ஒட்டுது, லைக்கி ஆயிடுச்சு. கிறிஸ்மஸ் கலிக்கிமக்கா ஆனதும் அதே வழிதான். நி'இஹாவ் சிப்பி மாலையில அரிசி மாதிரி வெள்ளையா ஒரு சிப்பி இருக்கு, அதுக்கு பேரே லைக்கி. குளிர்கால அலையில கரை ஒதுங்கறத பொறுக்கி, ரகம் பிரிச்சு, பொடிசா துளை போட்டு கோக்கறது, நல்ல மாலை ஆயிரக்கணக்கான டாலர் போகும். ஆன்ட்டி கோத்துக்கிட்டே பேசறப்பதான் எனக்கு அதிகம் காதுல ஏறுச்சு, ஏன்னா கை வேலையில இருக்கிறப்ப அவங்க எனக்காக மெதுவாக்கி, புத்தகத்தனமா "க" போட்டு பேசறது நின்னுடும். வெளியாள பாத்தா அவங்க "க"வுக்கு மாறிக்குவாங்க, இத தெரிஞ்சுக்கோங்க. அதனால நேரா உக்காந்து "பேசுங்க, கேக்கறேன்"னு சொன்னா நீங்க கேக்கறது நி'இஹாவ் பேச்சே இல்ல. அவங்க பேரப் பிள்ளைய அதட்டறப்ப, பக்கத்து வீட்டு அக்காகிட்ட மீன் விலை பேசறப்ப, அப்ப பக்கத்துல ஏதாவது வேலை செஞ்சுக்கிட்டு இருங்க.

உறவு மொழிங்கள ஒரு பார்வை பாத்து வெச்சா "த" அந்நியமா தெரியாது. மாவோரியில தங்கதா, ஹவாய்ல கனக்கா, மனுஷன். அங்க தப்பு, இங்க கப்பு. ஹவாய் மொழியோட "க" எல்லாம் ஒரு காலத்துல "த"வா இருந்ததுதான், பழைய "க" எல்லாம் 'ஒகினாவா மாறிடுச்சு. உருவம், சிலைன்னு அர்த்தம் வர்ற சொல் மாவோரியில திக்கி, புத்தக ஹவாய்ல கி'இ, நி'இஹாவ்ல தி'இ. மூணையும் வரிசையா வெச்சு பாருங்க, நி'இஹாவ் சரியா நடுவுல நிக்குது, "க" போன மாற்றம் நடந்திருக்கு, "த" போன மாற்றம் நடக்கல. அதனால யாராவது அது கொச்சை, திரிஞ்சு போனதுன்னு சொன்னா நம்பாதீங்க, திரிஞ்சது மத்தவங்க. ஏன், ஹவாய் முழுக்க எல்லா வீட்லயும் பாட்டி தாத்தாவ தூத்தூன்னுதான் கூப்பிடறாங்க, அந்த ஒரு சொல்ல 1826 ஓட்டால ஒண்ணும் பண்ண முடியல. சமோவாவுல நேர் தலைகீழ், மரியாதையான பேச்சுலயும் எழுத்துலயும் "த", வீட்டுப் பேச்சுல "க".

பழகறதுல சில விஷயம் சத்தத்த விட முக்கியம். 1984ல குழந்தைங்களுக்கான முதல் பூனானா லேஓ ஹவாய் மொழிப் பள்ளி ஆரம்பிச்சதே கெகாஹாலதான், அதுக்கப்புறம்தான் ஹிலோ, ஹொனோலுலு. 1987ல அரசுப் பள்ளிங்கள்லயும் ஹவாய் வழி வகுப்பு வந்துச்சு. இதனால இப்ப நல்லா பேசற இளைஞருங்க பல ஆயிரம் பேர் இருக்காங்க, ஆனா அவங்க பேசறது பெரும்பாலும் பல்கலைக்கழகத்து வழி வந்த மொழி, சுத்தமா "க", புது சொல் நிறைய. தாய்மொழியா பேசறவங்கள மானலேஓன்னு தனியா மரியாதையா சொல்வாங்க. வகுப்புல முதல் மார்க் வாங்கின ஒருத்தர் எங்க ஊர் கடையில ஒரு பெரியவர "கெய்க்கின்னு சொல்லணும் அங்கிள்"னு திருத்தினத நான் பாத்தேன், அவரு சிரிச்சுட்டு இங்கிலீஷுக்கு மாறிட்டாரு, அன்னைக்கு அந்தப் பையனுக்கு கெடைக்க வேண்டிய பாடம் அதோட போச்சு. நீங்க அவங்க "த"வ காப்பி அடிச்சு பேசவும் வேண்டாம், அது நக்கல் மாதிரி இருக்கும், நீங்க கத்துக்கிட்ட "க"வுலயே பேசுங்க, அவங்க "த"வுல பதில் சொல்லட்டும், பேச்சு நல்லாவே ஓடும். போன்ல ரெக்கார்ட் பண்றதா இருந்தா முதல்லயே கேட்டுடுங்க, வேண்டாம்னா வேண்டாம்தான். ஆன்ட்டி, அங்கிள்னு கூப்பிடறது அங்கயும் வழக்கம், அந்த விஷயத்துல நமக்கு புதுசா ஒண்ணும் கத்துக்க வேண்டியதில்ல.

அங்க போக வாய்ப்பில்லாதவங்களுக்கு: டுவோலிங்கோல 2018ல இருந்து ஹவாய் மொழி இருக்கு, வாக்கிய அமைப்புக்கு அது போதும், காதுக்கு போதாது. காதுக்கு உலுகவ் இணைய நூலகத்துக்குள்ள கனி'ஆஇனான்னு ஒரு ஒலித் தொகுப்பு இருக்கு, 1972ல லாரி கிமுரா ஆரம்பிச்ச கா லேஓ ஹவாய்'இ ரேடியோ நிகழ்ச்சியில பல தீவுக்கார மானலேஓங்க பேசினது அதுல கெடைக்கும். ரேடியோவ ஒரு தடவை ஓட விட்டுட்டு எந்த ஆள் "த" போடறாரு, எப்ப போடறாருன்னு மட்டும் கவனிங்க, அர்த்தம் புரியலன்னா பரவால்ல. அகராதி பாக்கறப்ப காதுல "த" விழுந்தா "க"வுல தேடுங்க, "ர" விழுந்தா "ல"வுல, அங்க அப்படித்தான் அடுக்கியிருக்கும். போன்ல ஹவாய் கீபோர்ட் சேத்துக்கிட்டா 'ஒகினாவும் கஹகோவும் வந்துடும், வகுப்புக்கு, பரீட்சைக்கு அது கண்டிப்பா வேணும். ஆன்ட்டிக்கு மெசேஜ் போடறப்ப நான் போடறதில்ல, அவங்களும் போடறதில்ல.